அம்மாவாசையின் கைராசி

புருஷன் நட்டுவிட்டுப் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கறிவேப்பிலைக் கன்றைப் பெண்டாட்டியே பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்த கனீஸ் பாத்திமாவுக்குப் பகீரென்றது.

ரெட்டியார்பாளையத்தில் அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம். அவள் வைத்த மூன்று கன்றுகளும் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தன. கொல்லை முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்பதே இல்லை. இதில் மழையும் பொய்த்துவிட்டது. ஆனால் மாமியார் மணலையா குறை சொல்வார்? "சில பேர் கைக்குக் கறிவேப்பிலை வராது" என்று ஜாடை பேச ஆரம்பித்தார். அதன் பிறகுதான் அம்மாவாசையைக் கூப்பிட்டாள்.

பேருதான் அம்மாவாசை, கை பௌர்ணமி என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். ஆலை மூடியதில் வேலை போன மனுஷர். அவர் கை பட்டால் பட்ட மரமும் துளிர்க்குமாம்.

சற்று முன்புதான் வந்து, கன்றிடம் ஏதோ முணுமுணுத்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல நட்டார். பார்த்துக்கொண்டிருந்த கனீஸுக்கே கண் சொக்கியது. வெயில்கூட ஒரு நிமிஷம் தணிந்த மாதிரி இருந்தது.

"அவசரப்படுத்தாதம்மா. தூங்கி எழுந்து அதுவா வரும்" என்று கனவில் பேசுகிற மாதிரி சொல்லிவிட்டு, வாசல் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

அதைத்தான் கூட வந்த அவர் பெண்டாட்டி, இந்த மணியம்மாள் பிடுங்குகிறாள். கட்டினவன் பேரெடுத்தால் இவளுக்கு வயிற்றெரிச்சலா?

கனீஸ் கொல்லைக்கு ஓடினாள். "என்னக்கா பண்றீங்க? அண்ணன் நட்டதைப் போயி..."

"கத்தாதம்மா, அவருக்குக் கேட்டுடும்!"

குழி இப்போது முழங்கை ஆழம் இருந்தது. பக்கத்தில் ஒரு கோணிப்பை. உள்ளே கறுப்பாக, ஈரமாக ஏதோ.

"இது என்னக்கா?"

"அடுப்புக்கரித் தூளும்மா. சாணித்தண்ணியிலயும் மீன் கழுவுன தண்ணியிலயும் பத்து நாளு ஊறவெச்சது. அடியில போட்டா, தண்ணியையும் சத்தையும் புடிச்சு வெச்சுக்கினு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கும். விவசாயப் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க. இது இல்லாம இந்த மணல்ல ஒண்ணும் நிக்காது."

"அப்ப அண்ணனோட கைராசி?"

மணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆலை மூடுனப்புறம் ஒரு வருஷம் செவுத்தப் பாத்துக்கினே படுத்திருந்தாரும்மா. ஒரு நாளு அவரு வெச்ச அவரைக்கொடி நல்லா படர்ந்துச்சு. பக்கத்து வூட்டுக்காரி கைராசின்னு சொன்னா. அன்னிக்குத்தான் எழுந்து சட்டை போட்டாரு. அப்புறம் ஊரே கூப்புட ஆரம்பிச்சிடுச்சு. நான் பின்னாடியே இந்தப் பைய தூக்கிக்கினு வர்றேன்."

கையிலிருந்த மண்ணை உதறினாள்.

"ஆரம்பத்துல ஒருவாட்டி அவசரத்துல ஊறவெக்காத கரியப் போட்டுட்டேன். அது மண்ணுல இருந்த சத்தையும் இழுத்துக்கிச்சு, செடி வெளுத்துப் போச்சு. ரெண்டு நாளு சோறு தின்னாம கையையே பாத்துக்கினு உக்காந்திருந்தாரு. அந்த ஒரு பேருலதாம்மா அவரு உசுரு நிக்குது. சொல்லிடாத."

கனீஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"நீங்க முடிங்கக்கா. நான் போயி அண்ணன்கிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

வேப்பமரத்தடியில் அம்மாவாசை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பூ உதிர்ந்து தலையெல்லாம் கிடந்தது. காலடி கேட்டதும், கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கரியப் போட்டு மூடிட்டாளாம்மா?"

கனீஸ் திகைத்து நின்றாள். "அண்ணே, உங்களுக்கு..."

"நாலு வருஷமாத் தெரியும்மா. என்னைய எழுப்பி நடமாட வெச்சுட்டோம்னு அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். தெரியும்னு சொல்லிட்டா, அப்புறம் அவ எதை நம்பிம்மா காலையில எழுந்திருப்பா?"