பின்தெருப் பக்கம் ஒரு வாசல்

"நடுவுல ஒரு கோடு போடுங்க. முன்னாடி ஒரு மனை, பின்னாடி ஒரு மனை. பின்மனைக்குத் தனி வாசல்."

அந்த அம்மா இன்னும் நாற்காலியில உக்காரக்கூட இல்ல. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க.

வீட்டு மனைக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கற பிளான்காரர், அம்மாகூட வந்த மகனைப் பார்த்தார். மகன் மோட்டுவளையைப் பார்த்தான். மருமக கதவோரமா நின்னு தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா.

"சார், அம்மா பேச்சைக் காதுல வாங்காதீங்க," என்றான் மகன். "மொத்தத்தையும் ஒரே மனையா காட்டி பிளான் போடுங்க. வீட்டுக்குப் பின்னாடி சும்மா கிடக்கற இடத்துல என் பட்டறையை நீட்டணும். அவ்வளவுதான் வேலை."

"நிலம் யார் பேர்ல இருக்கு?"

"எம் பேர்ல," என்றாங்க அம்மா.

பிளான்காரர் பென்சிலை எடுத்தார். நிலம் யார் பேர்ல இருக்கோ, அவங்க பக்கம் சாயற பென்சில் அது. தொழில் தர்மம்.

"இது நல்லா இருக்கே! மாமியார் மருமக சண்டைக்கு சைட் பிளானா?" மகன் எகிறினான். "ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம், சார். ஒரே அடுப்புல சமைக்க முடியாதாம். அதுக்காக நிலத்தை வெட்டுவாங்களாம்!"

"ஆமாடா, முடியாது. அவ போடற உப்பு எனக்கு ஒத்துக்கல, நான் போடறது அவளுக்கு ஒத்துக்கல. நீங்க கோட்டைப் போடுங்க, தம்பி."

பிளான்காரருக்கு மருமகளைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவ நிமிர்றதுக்குள்ள மகன் முந்திக்கிட்டான். "அவ என்ன சொல்லப் போறா? அவளைக் கேட்டுத்தான் பிளான் போடணுமா?"

பிளான்காரர் மறுபடி தாளுக்கே வந்துட்டார். நாலு பக்க எல்லை போட்டார். முன்தெரு, பின்தெரு, இருக்கற வீடு, செப்டிக் டேங்க் எல்லாம் அதது இடத்துல வந்து உக்காந்துச்சு. அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு மேசை மேல கவிழ்ந்தாங்க.

"இந்த அம்பு எதுக்கு?"

"வடக்கு எதுன்னு காட்டறதுக்கும்மா."

"வடக்கு அது பாட்டுக்கு இருக்கட்டும். வாசல் எங்க?"

"அங்கதான் சிக்கல். வழி இல்லாத மனைக்கு அனுமதி தர மாட்டாங்க. சுலபமா ஒண்ணு பண்ணலாம். முன்கேட்டுல இருந்து வீட்டை ஒட்டினாப்ல ஒரு பொதுப் பாதை காட்டிடறேன். கேட் ஒண்ணு, வீடு ரெண்டு."

"இது பேச்சு," என்றான் மகன்.

"இது வேண்டாம். பின்தெருப் பக்கம் தனியா கேட் போடுங்க."

"அந்தப் பக்கம் கேட்டுக்கும் பாதைக்கும் இடம் விட்டா, ஒரு ரூமும் ஒரு சமையலறையும்தான் தேறும்மா."

"போதும்."

"ரெண்டு மனைக்கும் நடுவுல ஒரு கதவாவது..."

"சுவர்."

"சின்னதா ஒரு ஜன்னல்?"

"சுவர்னா சுவர்தான் தம்பி. நீங்க என்ன, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பேரம் பேசறீங்க?"

பிளான்காரர் நடுவுல ஒரு கோடு இழுத்தார். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கல.

"ஏன் புள்ளி புள்ளியா இருக்கு?"

"இது யோசனைக் கோடும்மா. நாளைக்கே உங்களுக்குள்ள சமாதானம் ஆயிட்டா அழிச்சுக்கலாம்."

"யோசிச்சு முடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். அழுத்திப் போடுங்க."

பிளான்காரர் அழுத்திப் போட்டார். மகன் மேசையை ஓங்கித் தட்டினான். தாள் துள்ளுச்சு. கதவோரமா நின்னவ ஒரு அடி பின்னால போனா.

"தெருவே சிரிக்கும்மா! மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அம்மா பின்னாடி தனியா கிடந்தா, என் மூஞ்சில காறித் துப்புவாங்க!"

"துப்பட்டும். துடைச்சுக்கோ."

"சாகறப்ப நிலத்தைத் தலையில தூக்கிக்கிட்டா போகப் போற?"

"சாகற வரைக்கும் கையெழுத்து நான்தான் போடணும். அது வரைக்கும் பொறுத்துக்கோ."

அவன் நாற்காலியை உதைச்சுத் தள்ளிட்டு, "வாடி!" என்றான். படியில அவன் செருப்பு தடதடன்னு இறங்குச்சு. பின்னாலயே போனவ காலடி சத்தம் கேக்கவே இல்ல.

பிளான்காரருக்கு மனசு ஆறல. அடுத்தவங்களுக்குப் புத்தி சொல்ற ஆள் இல்ல அவர். இருந்தாலும் சொல்லிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உப்பு கூடுச்சு, குறைஞ்சுதுன்னு இந்த வயசுல ஒத்தை ரூமுக்குள்ள போய் முடங்கணுமா? மருமகளைப் பார்த்தா வாயில்லாப் பூச்சியா தெரியுது. நீங்க கொஞ்சம் விட்டுக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. அழுத்திப் போட்ட கோட்டை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் விரலால தடவிப் பார்த்தாங்க.

"எப்படியோ போங்க," என்று முணுமுணுத்துக்கிட்டே பிளான்காரர் தாளோட மூலைக்கு வந்தார். "பின்மனைக்கும் உரிமையாளர் உங்க பேருதானே?"

"இல்ல. மருமக பேரு. நாளைக்கே பதிவு பண்ணிக் கொடுத்துடப் போறேன். கேட் சாவியும் அவகிட்டதான் இருக்கும்."

பென்சில் நின்னுச்சு. "அப்ப நீங்க எங்கம்மா இருப்பீங்க?"

"முன்வீட்டுலதான், அவன்கூட. பெத்தவ நான்தானே தம்பி? இனிமே கையை ஓங்கறதா இருந்தா, என் மேல ஓங்கிப் பார்க்கட்டும்!"