பின்சீற்றில் நின்ற பிள்ளை

மகள் அழுகிறாள் என்று, மனைவி உஷாந்தி அவளுக்குப் பூட்டிவிட்ட சீற் பெல்ட்டை ராகுலன் கொழும்பு கொட்டாஞ்சேனையிலேயே கழற்றிவிட்டுத்தான் காரை எடுத்தான். நான்கு வயது யதுஷா பின்சீற்றில் எழும்பி நின்றாள்.

"அழட்டுமே! உயிரோட இருந்து அழட்டும்!" முன்சீற்றிலிருந்து உஷாந்தி கத்தினாள்.

"வெள்ளவத்தைக்குத்தானே போறம். வாயை மூடு," என்றான் ராகுலன்.

பம்பலப்பிட்டியில் ஒரு பஸ் குறுக்கே பாய்ந்தது. ராகுலன் பிரேக்கை மிதித்தான். கணவன் மனைவி இருவரும் முன்னால் எறியப்பட்டார்கள். யதுஷா அசையவில்லை. அவளுடைய சட்டையின் முதுகுப்பக்கம், யாரோ கொத்தாகப் பிடித்ததுபோல் கசங்கிப் பின்னால் இழுபட்டிருந்தது. பின்சீற்றில் வேறு யாருமில்லை.

ராகுலன் இறங்கி ஓடிவந்து, பின்கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்தான். சட்டை விடுபடவில்லை.

"இப்பவாவது பெல்ட்டைப் போடுங்கோ!" உஷாந்தி அலறினாள்.

பிள்ளையை இருத்தி, பெல்ட்டைப் பூட்டினான். அதன் பிறகுதான் சட்டை மெல்லத் தளர்ந்தது.