நான் கூப்பிட்டால்தான்

இடித்த மோட்டார் சைக்கிள்காரன் நிற்கவே இல்லை. நான் நடுரோட்டில் மல்லாந்து கிடக்கிறேன்.

வலி தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைப்பது என் வேலை. இன்று காலையும் எல்லோரையும் கேட் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். என் மகள் மட்டும்தான் பாக்கி. ஏழு வயது. தினமும் அவள்தான் கடைசி ஆள். அம்மா வேலை பார்க்கிற ரோடு என்று சலுகையெல்லாம் கிடையாது.

அவளுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. நான் வா என்று சொல்லாமல் நடைபாதையை விட்டுக் கால் இறங்கக் கூடாது. வேறு யார் கூப்பிட்டாலும் சரி, எது நடந்தாலும் சரி.

போன வாரம் அவசரப்பட்டு ஒற்றைக் காலை இறக்கிவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும் முதுகில் ஒன்று வைத்தேன். இவளெல்லாம் ஒரு தாயா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, வாய் கோணக் கோண அழுகிறாள். கால் மட்டும் அசையவில்லை.

வாட்ச்மேன் அண்ணன் கேட்டிலிருந்து ஓடிவந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். தன் உள்ளங்கையில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகமே மாறிப்போகிறது. சீக்கிரம் வா பாப்பா, அம்மாவை வந்து பாரு என்று அவளைப் பார்த்துக் கத்துகிறார்.

"அம்மா இன்னும் சொல்லல, மாமா."

அடி என் தங்கமே. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

நீயே ஒரு வார்த்தை கூப்பிட்டுடும்மா என்று அண்ணன் என் காதருகே குனிந்து கெஞ்சுகிறார். ஆம்புலன்ஸ் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அடித்த முதுகை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டுகிறேன். ஒரு வார்த்தைக்குத்தான் தேறும்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற பாதி ரோட்டில், லாரி ஒன்று வேகம் குறையாமல் வருகிறது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நில்லு" என்கிறேன்.