நன்றியுரையில் ஒரு மனைவி

"இதுக்கு மேல ஒரு வரிகூட மாத்த மாட்டேன் சார்."

மாணவி தன் ஆய்வேட்டின் வரைவைப் பேராசிரியரின் மேசைமேல் போட்டாள். போட்ட வேகத்தில் அவருடைய கண்ணாடிக் கூடு கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.

அவர் திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுப்பது இது ஆறாவது தடவை. அவர் கையெழுத்து இல்லாமல் பைண்டிங் செய்ய முடியாது. இன்று மாலை ஐந்து மணிக்குள் பைண்டிங் செய்து கொடுக்காவிட்டால் இந்த வருடம் பட்டம் கிடையாது.

'நகரப் போக்குவரத்து' என்று அவள் கொண்டுவந்த தலைப்பை அவர்தான் செதுக்கிச் செதுக்கி, மருத்துவமனை வாசலில், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள், நடைமேம்பாலத்தில் ஏறாமல் சாலையைக் கடப்பவர்கள் என்ற அளவுக்குச் சுருக்கியிருந்தார். பதினோரு காலைகள் அங்கே நின்று தலைகளை எண்ணியிருந்தாள்.

இப்போது முடிவுரையில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மை. 'சோம்பேறித்தனத்தால் மக்கள் பாலத்தில் ஏறுவதில்லை.' ஓரத்தில் ஒரே சொல்: 'கேட்டாயா?'

"பதினோரு நாள் என் கண்ணால பார்த்தேன் சார். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"பார்த்தே, சரி. அவங்ககிட்ட கேட்டியா?"

"என்னை மட்டும் ஏன் சார் இந்தப் பாடு படுத்தறீங்க? மத்தவங்களுக்கெல்லாம் நின்ன நிலையில கையெழுத்து போடறீங்களே!"

அறை வாசலில் அவளுடன் படிக்கும் குண்டூசி அவளுக்காகக் காத்திருந்தான். ஆள் ஒல்லி, பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவன் கையிலிருந்த வரைவைப் பிடுங்கி வந்து விரித்தாள்.

"காலையில ரெண்டே நிமிஷத்துல கையெழுத்து போட்டீங்க. நன்றியுரையைப் படிங்க சார்."

படித்தார். 'இந்த ஆய்வு முடியும்வரை பொறுமை காத்த என் அன்பு மனைவிக்கும், இரு குழந்தைகளுக்கும்...'

"இவனுக்கு வயசு இருபது சார். எந்த சீனியரோட குடும்பத்தைத் தூக்கிட்டு வந்தானோ!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இருபத்தெட்டு பேர். எல்லாத்தையும் படிச்சா நான் வீட்டுக்குப் போக வேண்டாம். உன்னோடதுல விஷயம் இருந்தது. அதனால உன்னோடதை மட்டும் படிச்சேன்."

அவளுடைய கோபம் பாதியில் நின்றது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இவன் காப்பி அடிக்கிறவன்னு பார்த்தாலே தெரியுது." பேராசிரியர் தன் கையெழுத்தை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"பார்த்தீங்க சார். கேட்டீங்களா?"

குண்டூசி உள்ளே வந்திருந்தான்.

"விடுதியில மிச்சமாகிற சாப்பாட்டை நாப்பது நாள் எடை போட்டு எழுதினது. தராசு இன்னும் என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. ஒரு வரி காப்பி கிடையாது."

"அப்போ இந்த மனைவி?" என்றாள்.

"அது நான் வேணும்னே சேர்த்தது. யாராவது படிக்கறாங்களான்னு பார்க்க." பேராசிரியரைப் பார்த்தான். "முதல் வரைவுல மனைவி மட்டும்தான் சார். ரெண்டாவதுல ஒரு குழந்தை. இதுல ரெண்டு. மூணுலயும் உங்க கையெழுத்து இருக்கு."



அவள் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, 'சோம்பேறித்தனத்தால்' என்ற சொல்லைத் தானே அடித்தாள். வரைவை எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு சார். பாலத்துக்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

வாசலில் நின்று திரும்பினாள். "டேய், நானும் உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"போ, போ. நேரமாகுது."

பேராசிரியர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, குண்டூசியின் வரைவில் முதல் பக்கத்தைத் திறந்தார்.

"உட்காரு. படிக்கிறேன்."

குண்டூசி நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"படிங்க சார். இன்னொரு வரைவு கேட்டிருந்தீங்கன்னா பேரனே பொறந்திருப்பான்."