ஒன்பதாம் சுரம்

பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சுருதி கூட்டுபவர் முறுக்குச் சாவியைக் கையில் எடுத்தார்.

அவளுக்கோ கடிகாரத்தின்மீதே கண். மாலை ஆறு மணிக்குள் பாட்டு போய்ச் சேரவேண்டும்.

நகரத்துச் சேர்ந்திசைக் குழு, தன் புதிய அரங்கத்தைத் திறக்கும் நாளில் பாடவிருக்கும் பாட்டு அது. அவள்தான் இசையமைக்கிறாள். எல்லாம் எழுதியாகிவிட்டது, முடிவு ஒன்றுதான் இல்லை. இருபத்தேழு முடிவுகளை எழுதி, இருபத்தேழையும் அடித்தாயிற்று. பாட்டு முடிந்தது என்று இழுக்கும் அந்த இரட்டைக் கோட்டை இழுக்கக் கை வர மறுத்தது. இன்றும் தவறினால் வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்க நேரும் என்று குழுவின் தலைவர், மிகுந்த மரியாதையுடன்தான், சொல்லியிருந்தார்.

சாய்வு நாற்காலியில் மகள் புத்தகமும் கையுமாகக் கிடந்தாள். தேர்வுக்காகக் கண்விழித்துக் கண்விழித்து, தேர்வு முடிந்து மூன்று நாளாகியும் அவளுக்குத் தூக்கம் திரும்பி வரவில்லை. வாய் மட்டும் சோர்வடையவில்லை.

“என்னம்மா, உன் கலைத்தேவதை லீவு போட்டுட்டாளா?”

தேவதை லீவு போடவில்லை. ஆண்டுக்கு ஒரு முறைதான் வேலைக்கே வருகிறாள் என்பதை அவள் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அந்தத் தேவதைக்கு முன்வழுக்கை உண்டு. சட்டைப் பையில், பியானோக் கம்பிகளுக்கிடையே செருகும் கம்பளித் துண்டுகள் உண்டு. பத்தொன்பது வயதுப் பெண்ணை இன்னமும் பாப்பா என்று அழைக்கும் பழக்கமும் உண்டு.

கம்பிகளை முறுக்கி முடித்த பிறகு, சரிபார்ப்பதற்காக அவர் எப்போதும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார். ஒன்பதே சுரங்கள். ஏழு சுரங்களுக்கான ஏழு கட்டைகளையும் ஒரு முறை தொட்டு, ஏறியும் இறங்கியும் வந்து, ஒன்பதாவதில் நின்றுவிடும். படியேறும் ஒருவர் தூக்கிய காலை ஊன்றாமல் அப்படியே நின்றுவிட்டாற்போல.

அந்தக் காலை எங்கே ஊன்றுவது என்று தேடித் தேடித்தான் அவளுடைய பாட்டுகள் எல்லாமே பிறந்தன. முதல் பாட்டைக் கட்டியதே அவர் இரண்டாம் முறை வந்துபோன வாரத்தில்தான். அதுவரை அவள் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள்.

அது யாருடைய மெட்டு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்னாருடையது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு எழுதுவது? கேட்காத வரையில் திருட்டு ஆகாது என்று மனத்தைத் தட்டிக்கொடுத்து வைத்திருந்தாள்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். நடுக்கட்டைகளில் ஒரு முறை. கீழே ஒரு முறை. மேலே ஒரு முறை. இந்த ஆண்டு நடுவில் இரண்டு கம்பிகள் மிகவும் தளர்ந்திருந்தபடியால், அவற்றை முறுக்குவதும் வாசிப்பதும், மறுபடி முறுக்குவதும் வாசிப்பதுமாக இருந்தார். பத்து முறையாவது இருக்கும். பத்து முறையும் அந்தக் கால் அந்தரத்திலேயே நின்றது.

மணி நான்கரை. திருட்டாவது, மானமாவது என்று அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

“அண்ணா, இதோட மீதி எப்படிப் போகும்?”

“மீதியா? மீதியெல்லாம் கிடையாதும்மா. இது அவ்வளவுதான்.”

யாரிடம் கற்றார் என்று கேட்டாள். அவர் சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டே, சற்றுக் கூச்சத்தோடு விவரம் சொன்னார். இந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, அடுத்த அறையில் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்ததாம். தட்டினால் இன்னும் அழும் என்று, பியானோவைத் திறந்து வைத்தபடி அவர் சும்மா உட்கார்ந்திருந்தாராம். சுவருக்கு அப்பால் யாரோ இந்த மெட்டையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தார்கள். ஏழு கட்டைகளையும் தொட்டுவிடுகிற மெட்டாக இருந்ததால், சரிபார்க்க வசதி என்று பிடித்துக்கொண்டார். அன்றுமுதல் போகிற வீடெல்லாம் இதுதான். அனுமதி கேட்காதது தம் பிழை என்றார்.

அவள் அடுத்த அறையின் கதவைப் பார்த்தாள். அந்த நாள்களில் அவளுக்கு ஊண் உறக்கம் எதுவுமே நினைவில்லை, முணுமுணுத்ததா நினைவிருக்கும்?

“நீங்கதானேம்மா பாடினீங்க. பாப்பா தூங்கிட்டா, அங்கேயே நிறுத்திட்டீங்க.”

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இதைக் கேட்டாயா என்று சொல்ல மகள் பக்கம் திரும்பினாள்.

புத்தகம் தரையில் கிடந்தது. மகளின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாய் சற்றே திறந்திருக்க, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

சுருதி கூட்டுபவரும் பார்த்தார். முன்பலகையைப் பொருத்தினால் ஓசை எழும் என்று அதைச் சுவரோரமே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அவள் தாளை எடுத்து, பாட்டின் முடிவாக அந்த மெட்டையே எழுதி, ஒன்பதாம் சுரத்துக்கு அடுத்தாற்போல இரட்டைக் கோட்டை இழுத்தாள். தாள் சரசரக்காதபடி, மெதுவாக.