கரையாத பசை

கணவர் சிவகுருநாதன் இறந்த அன்று, யாரும் கேட்பதற்கு முன்பே ஞானாம்பிகை தாலிக்கொடியைக் கழற்றிவிட்டாள். அது கழுத்தில் இருக்கிறதா என்று தூக்கத்தில்கூடத் தடவிப் பார்க்கிற மனிதர் அவர்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல அண்ணி?" என்றாள் நாத்தனார் பத்மாவதி.

தாலியைச் சாம்பலோடு சேர்த்து, பத்து ஃபிரிங்கி என்னும் ஊர்க் கடலில் போட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அவள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். படகுகளின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சின்ன ஓட்டுயிரிகளின் பசைதான் அவளுடைய ஆராய்ச்சி. பசை முழுக்கப் புரதம். ஓட்டைச் சுரண்டி எடுத்தாலும் அடியில் ஒரு வெள்ளை வட்டம் தங்கிவிடும்.

உதவியாளர் பாக்கியசாமி, படகுத்துறை ஜெட்டியில் கடலுக்குள் தொங்கவிட்டிருந்த இரும்புத் தகடுகளைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். குனிந்திருந்தவளைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டர், கழுத்துல என்னமோ ஒட்டியிருக்குலா."

தொட்டாள். சொரசொரத்தது. கைக்கண்ணாடியில் பார்த்தாள். கொடி கிடந்த தடம் நெடுக, நெருக்கமாகச் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள். கத்தியால் ஒன்றைச் சுரண்டினாள். ரத்தம் வந்தது. வட்டம் வரவில்லை.

"ஏதாவது போட்டுக் கரைச்சிப் பார்ப்பமா டாக்டர்?"

அலமாரியில் அமிலமும் காரமும் புட்டி புட்டியாக நின்றன. எதிலும் இந்தப் பசை கரையாது என்று கட்டுரை எழுதியவளே அவள்தான்.

"எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாச்சு, பாக்கியசாமி."

சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு அடுத்த தகட்டை எடுத்தாள்.