அடிக்காத அலாரம்

"கடிகாரத்துல அலாரம் அடிக்காதுன்னு போட்டுத்தானே வித்தேன்? திருப்பி வாங்குற பேச்சே கிடையாது!" வீட்டுப் பழைய சாமான்களை ஆன்லைனில் விற்றுத் தள்ளிக்கொண்டிருந்த தையல்காரர், போனில் எரிந்து விழுந்தார்.

"அதான் சார் பிரச்சினை. அடிக்குது! விடிஞ்சா ஒரு பொம்பளைக் குரல், 'எந்திரி, சோம்பேறி மாமா'ங்குது. 'யாரு இவ?'ன்னு கேட்டு என் பொண்டாட்டி உயிரை வாங்குறா."

அது சாவி கொடுக்கும் கடிகாரம். குரல் பதிய அதில் இடமேது? தையல்காரரை அப்படி எழுப்பிய மனைவி செத்து ஒரு வருஷம்.

"உடனே கொண்டாங்க."

மறுநாள் விடியலில், கடிகாரத்தைக் காதோரம் வைத்துக் காத்திருந்தார். மூச்சில்லை.

போன்தான் அடித்தது.

"சார், கடிகாரம்தான் அங்க வந்துச்சு. குரல் இங்கேயே நின்னுடுச்சு. இன்னிக்கு எந்திரிக்கச் சொல்லல. 'என்னையும் சேர்த்தா வித்தே, மாமா?'ன்னு கேக்குது."